ஜிப்ஸிக்கு பிரேக்கும் பட்டையும்: வீட்டிலேயே செய்யக்கூடிய முழு வேலை

பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் தூக்கலாம்?" என்பதுதான். அதை நான் கடைசியில்தான் கேட்பேன். காட்டுப் பாதையில் ஒரு ஜிப்ஸியைக் கடத்திவிடுவது அதன் உயரம் அல்ல, நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டே இருப்பது. இறக்கத்தில் காப்பாற்றுவது பிரேக். இரண்டும் சரியாக இருக்கும் ஒரிஜினல் உயர வண்டி, பிரேக்கைத் தொடாமல் நாலு இன்ச் தூக்கிய வண்டியைவிட எங்கேயும் தைரியமாகப் போய் வரும்.

ஜிப்ஸியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1985-இல் வந்தபோதும், 1996-இல் 1300 சிசி எஞ்சினோடு 'கிங்' ஆக வந்தபோதும், அடிப்படை மாறவில்லை. ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில் ஹவுசிங் (சக்கர அச்சின் கூடு), நான்கு மூலையிலும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). கிங்கில் முன்பிரேக் டிஸ்க், பின்பிரேக் டிரம். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். எல்லாம் போல்ட்டில் கழன்று போல்ட்டில் மாட்டுகிறது, சென்சார் எதுவும் குறுக்கே வராது. சமதளமான முற்றமும் ஒரு துணை ஆளும் இருந்தால், இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிக்கலாம்.

முதலில் பேப்பரில்

எவ்வளவு உயரம், என்ன டயர் என்பதை ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஷாக்கின் (ஷாக் அப்சார்பர்) நீளம், பிரேக் ஹோஸின் நீளம், ஸ்டியரிங் கோணம் எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை.

டயரில் ஒரு சின்னக் கணக்கு. 205/70ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. அதை எடுத்துவிட்டு 235/75ஆர்15 போட்டால் சுமார் 733 மி.மீ., கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகம். அப்படியென்றால் அதே அழுத்தத்தில் மிதித்தாலும் தரையில் கிடைக்கும் பிரேக் விசை 9 சதவீதம் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். டயரின் எடை கூடுவதால் வரும் சிரமம் தனி. பெரிய டயர் போட்டவர்கள் "பிரேக் பத்தவில்லை" என்று புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டு அதே அளவில் நல்ல பாகம் போடுவது பராமரிப்பு. வண்டியைத் தூக்குவதும் டயர் அளவை மாற்றுவதும் அப்படி அல்ல. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கிளறுவது இதைத்தான். பொதுச்சாலையில் ஓடும் வண்டியென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கீழே வருவதெல்லாம் ஒரிஜினல் உயரத்துக்குத்தான். இரண்டு இன்ச் வரை போகிறவர்கள் கவனிக்க வேண்டியதை அங்கங்கே சொல்கிறேன்.

கருவியும் பாதுகாப்பும்

வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அடியில் தலையை விட வேண்டுமானால் நல்ல ஜாக் ஸ்டாண்ட் நான்கு, கான்கிரீட் தரை. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது, அவை சொல்லாமல் கொள்ளாமல் உடையும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். கியரையோ ஹேண்ட்பிரேக்கையோ மட்டும் நம்பாதீர்கள்.

ஸ்பேனர், சாக்கெட் செட்டோடு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒன்று கட்டாயம். வாங்க மனமில்லையென்றால் இரவல் வாங்குங்கள். பிரேக் பைப் நட்டுக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும், சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை வழுக்கிவிடும். சர்வீஸ் மேனுவலின் டார்க் பக்கங்களை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேலைக்கு முந்தின நாள் மாலையே எல்லாப் பட்டை போல்ட்டுகளிலும், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளிலும் துரு நீக்கி எண்ணெய் அடித்து ஊற விட்டால், மறுநாள் பாதி சண்டை மிச்சம்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

வண்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் நன்றாக வித்தியாசப்பட்டால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது. பட்டை நேராகிவிட்டதா, எதிர்ப்பக்கமாக வளைகிறதா, ஏதாவது பிளேட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்திருந்தால் ஆக்சில் முன்பின்னாக நகர்ந்திருக்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். போகவில்லையென்றால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். 60, 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடும் ஜிப்ஸிகளுக்குப் பெரும்பாலும் நோய் அங்கேதான். ஸ்டியரிங் டேம்பர் (ஆட்டத்தை உறிஞ்சும் சின்ன ஷாக்) போட்டால் ஆட்டம் அடங்கும், நோய் அடங்காது.

சக்கரங்களின் உட்பக்கத்தில் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள். பின் ஆக்சில் சீல் போனால் எண்ணெய் நேராக டிரம் லைனிங்கில் இறங்கும். எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவியோ தீயில் வாட்டியோ மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

சீல் ஏன் போகிறது என்பதையும் பாருங்கள். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு சின்ன பிரீதர் (காற்றுத் துளை) இருக்கும். சேறு அடைத்து அது மூடிக்கொண்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை சீல் வழியாக வெளியே தள்ளும். ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கி தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதரில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி எஞ்சின் அறை வரைக்கும், பின்னால் பாடிக்குள் உயரமான இடம் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். ஆஃப்-ரோடு வண்டிக்கு இதைவிட மலிவான மேம்பாடு எனக்குத் தெரிந்து கிடையாது.

பிரேக்: முன்பக்கம்

சக்கரத்தைக் கழற்றி, காலிபரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) எடுத்து, கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. வழுக்கும் பின்கள் இரண்டும் கையாலேயே சுலபமாக நகர வேண்டும். இறுகியிருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது இந்தப் பின் இறுகியதற்கான அடையாளம். பிஸ்டன் ரப்பர் கிழிந்திருந்தால் ரிப்பேர் கிட் போட்டுவிடுங்கள். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் பிஸ்டனையே மாற்றுங்கள், உப்புத்தாள் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் மேனுவலில் இருக்கும், பல டிஸ்க்குகளில் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுப்பது வீண். பேடைப் பொறுத்தவரை, பிராண்டைவிட மலைக்கு ஏற்ற ரகமா என்பது முக்கியம். சூடேறினால்தான் பிடிக்கும் ரேஸ் பேடு இந்த வண்டிக்கு வேண்டாம். குளிர்ந்த காலையில் முதல் மிதியிலேயே அது பிடிக்காது.

ஹோஸை அவசியம் மாற்றுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதித்தால் அழுத்தம் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்துக்கொண்டே சூடேறும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் மிதியின் தொய்வு கொஞ்சம் குறையும், கல்லும் முள்ளும் உரசினாலும் தாங்கும். நீளம்தான் கவனம்: சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும் நிலையிலும், ஸ்டியரிங் கடைசி வரை திரும்பிய நிலையிலும் ஹோஸ் இழுபடக் கூடாது. ஹோஸை மாட்டும் பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

பிரேக்: பின்பக்கம்

டிரம் வராமல் அடம்பிடித்தால், முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். டிரம்மின் முகத்தில் மரையுள்ள துளைகள் இருந்தால் அவற்றில் பொருத்தமான போல்ட்டை மாறி மாறி முறுக்குங்கள், டிரம் தானே வெளியே வரும். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் வார்ப்பு உடையும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எங்கே மாட்டியிருந்தது என்று குழம்பினால் மறுபக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாக நகர்த்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் போய்விட்டது. டிரம்மின் உள்விட்டம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தால் எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் பிரேக் நிற்காது. எல்லாம் மாட்டியபின், கையால் சுற்றும்போது லைனிங் லேசாக உரசும் சத்தம் கேட்கும்வரை அட்ஜஸ்ட் செய்து, அங்கிருந்து ஒரு பல் தளர்த்துங்கள்.

பின்னாலும் டிஸ்க் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். சேற்றிலும் தண்ணீரிலும் டிஸ்க் நல்லதுதான், டிரம்முக்குள் போன சேறு வெளியே வராது. ஆனால் ஹேண்ட்பிரேக்குக்குத் தனி ஏற்பாடு வேண்டும், மாஸ்டர் சிலிண்டரின் (மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுப்பது) கொள்ளளவும் முன்பின் அழுத்தப் பங்கீடும் ஒத்துவர வேண்டும். பங்கீடு தவறினால் மழை நாளில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். முற்றத்தில் வைத்துச் செய்ய இதை நான் சொல்லமாட்டேன். சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம்மே இந்த எடைக்குப் போதும்.

சில வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். சுமைக்குத் தக்கபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. பின்பக்கத்தை உயர்த்தினால், வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். எவ்வளவு உயர்த்தினீர்களோ அந்த அளவுக்கு அதன் பிராக்கெட்டையும் சரிசெய்ய வேண்டும்.

ஆயிலும் காற்று எடுப்பதும்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில், காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பழைய ஆயில் கொதித்து நீராவிக் குமிழி ஆகும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆகவே புதிய டாட் 4, சீல் உடைக்காத டின். டாட் 5 என்பது சிலிக்கான், பெயரைப் பார்த்து உயர்ந்த ரகம் என்று இதில் கலந்துவிடாதீர்கள். டாட் 5.1 வேறு, அது ஒத்துப்போகும்.

ரிசர்வாயரில் உள்ள பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலதுகை ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கே ஒரே ஒரு ப்ளீடர்தான் (காற்று எடுக்கும் திருகு) இருக்கும், இரண்டாவதைத் தேடிக் களைக்க வேண்டாம்.

1. ப்ளீடரில் உள்ளே தெரியும் ஹோஸ் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க விடுங்கள்.
2. உள்ளே இருப்பவர் மெதுவாக மூன்று நான்கு முறை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும்.
3. ப்ளீடரைக் கால் சுற்று திறவுங்கள். குமிழியோடு ஆயில் வரும்.
4. மூடிய பிறகுதான் மிதியை விடச் சொல்ல வேண்டும். மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும்.
5. குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள், ரிசர்வாயரைக் காலியாக விடாதீர்கள்.

பழைய மாஸ்டர் சிலிண்டரென்றால் மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு பிஸ்டன் போனால், அங்கே படிந்த துரு ரப்பரைக் கிழித்துவிடும், நேற்று வரை நன்றாக இருந்த சிலிண்டர் இன்றைக்குக் கசியும். ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பட்டை

வழிகள் மூன்று. பழைய பட்டையை ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து அடித்து வளைவு ஏற்றுவது மலிவு. ஆனால் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் வெறுமனே அடித்த பட்டை சீக்கிரமே பழையபடி உட்கார்ந்துவிடும். கூடுதல் பிளேட் ஒன்று சேர்ப்பது உயரம் தரும், கூடவே விறைப்பும் தரும். எப்போதும் சுமையோடு ஓடும் வண்டிக்கு அது சரி. மூன்றாவது புதிய செட், முடிந்தால் பாராபோலிக் ரகம். அதில் பிளேட்டுகள் குறைவு, நடுவிலும் முனையிலும் மட்டுமே தொட்டுக்கொள்வதால் உராய்வு குறைந்து சக்கரம் நன்றாக ஏறி இறங்கும். காசு இருந்தால் இதற்குத்தான் செலவழிப்பேன்.

நீளமான ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையை சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) போட்டுத் தூக்குவது பிரபலமான குறுக்குவழி. இரண்டு இன்ச் நீளம் கூட்டினால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு இன்ச்தான், பட்டையின் மறுமுனை அசையாமல் இருப்பதால். ஜிப்ஸியில் முன் ஷாக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அது நீண்டால் ஆக்சில் முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் கோணம் (கிங்பின்னின் பின்சாய்வு) குறையும், நேர்ரோட்டில் ஸ்டியரிங் அலையும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்துத் திருத்தலாம்தான். ஒரு இன்ச்சுக்காக இவ்வளவு பாடு எதற்கு என்பது என் எண்ணம்.

மாற்றும் முறை: சேஸிஸுக்கு ஸ்டாண்ட், ஆக்சிலுக்கு ஜாக்கி. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். யூ போல்ட் நட்டுகளை எடுத்து, ஆக்சிலைப் பட்டையிலிருந்து கொஞ்சம் விலக்குங்கள். ஜிப்ஸியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே ஓடுகிறது, அதனால் பட்டை கீழே விழாதபடி தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். ஷாக்கிள் முனை முதலில், நிலையான முனை பிறகு. ஒரு ஆக்சிலில் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே மறுபக்கம் போங்கள், இல்லாவிட்டால் ஆக்சில் சுழன்று கொள்ளும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகம், அவசரப்படாதீர்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு முறுக்குங்கள். யூ போல்ட் எப்போதும் புதியது, ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே பிடி தராது. நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி டார்க் ரெஞ்சில் முடியுங்கள். பட்டையில் வெல்டிங்கோ கேஸ் சூடோ படவே கூடாது, அந்த இடத்தில் பதம் போய் உடையும்.

பட்டை முனைத் துளையில் உள்ள புஷ் ரப்பராக இருந்தால், பட்டை முனை போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறியபின் கடைசி முறுக்கு. தொங்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே கட்டிக்கொண்டு, இறக்கியதும் முறுகி, சில மாதங்களில் கிழியும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சிலிக்கான் கிரீஸ் இல்லாமல் போட்டால் கிறீச்சிடும், பட்டையின் நெளிவையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். மலைப்பாதைக்கு நான் ரப்பர் கட்சி.

பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைக்கும் வேலையை, அதாவது வெளிநாட்டில் ஜிப்ஸியின் உறவான சுசுகி சாமுராய் வைத்திருப்பவர்கள் விரும்பிச் செய்வதை, வீட்டில் தொடாதீர்கள். ஆக்சில் ஹவுசிங்கில் வெல்டிங், ஸ்டியரிங் ராடுகளின் புது அமைப்பு, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் என்று அது ஒரு முழுப் பட்டறையின் வேலை.

ஷாக், ஸ்டியரிங், ஷாஃப்ட்

ஷாக்கைக் கேட்டலாக் பார்த்து வாங்காமல் அளந்து வாங்குங்கள். ஷாக் இல்லாமல் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) தொடும்வரை உயர்த்துங்கள். அப்போது ஏறிய பக்கத்தில் மேல் கீழ் மாட்டும் இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால், சுருங்கிய ஷாக் அதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். தொங்கும் பக்கத்தை அளந்தால் தேவையான விரிந்த நீளம் கிடைக்கும். ஷாக் தன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் தடுத்தாக வேண்டும்.

உயர்த்திய வண்டியில் டிராக் லிங்க்கின் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு) சாய்வு கூடி, நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். வீலைக் கழற்றித் திருப்பி மாட்டுவது சரியல்ல, டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்துங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் ஜாயின்ட் (நீண்டு சுருங்கும் இணைப்பு), சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் போதிய அளவு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஓட்டம்

எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர். இறங்கவில்லையென்றால் காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் திரும்பி வந்து அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். பிறகு ஆளில்லாத சாலையில், 50-லிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, நடுவில் ஆற விட்டு, பத்துத் தடவை. முழுதாக நிறுத்தி மிதித்தபடியே நிற்காதீர்கள், சூடான பேடு டிஸ்க்கில் திட்டாகப் படியும்.

ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி இறக்குங்கள். டோ அளவை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அலைன்மென்ட் கடையில் காட்டுங்கள். 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட், வீல் நட், ஷாக்கிள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள், 500-இல் இன்னொரு முறை. ஓடை கடந்து வந்த நாளில், கரையேறியதும் லேசாக பிரேக்கை மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஓட்டி உலர்த்துங்கள். ஹப் வரை தண்ணீர் ஏறியிருந்தால் வீடு வந்ததும் ஆக்சில் ஆயில் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், பின்னால் டிரம்மையும் கழற்றிக் கழுவுங்கள்.